மூட்டு வாதமும் மதுபானமும்

மூட்டுக்களில் வீக்கமுண்டாக்கும் வாதநோயினர் சிலர், சாராயம் அருந்தினால் வலி தணியுமென்று எண்ணுகின்றனர். அது சிறிதுநேர மயக்கமேயன்றிக் குணமன்று.

முடக்குவாதத்திற்கு வைத்தியர்கள் பெரும்பாலும் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மருந்து வாரத்திற்கு 1 முறை மாத்திரம் உட்கொள்ளத்தக்கது. அம்மருந்தும் மதுவும் தனித்தனியே கல்லீரலைத் தாக்கவல்லவை. இரண்டும் சேரின் கேடு பெருகும். அக்கேடு தொடக்கத்தில் வலியாற் புலப்படாது. இரத்தப் பரிசோதனையாலேயே அறியலாகும். டைக்ளோபினாக் முதலிய வலி மாத்திரைகளோடு மது சேரின் இரைப்பையில் இரத்தக் கசிவு நேரலாம். யூரிக் அமிலம் மிகுவதால் வரும் வாதத்திலோ மதுவே நோயைத் தூண்டும்.

குடிக்கும்பொருட்டு மருந்தை நிறுத்துவோரின் மூட்டுக்கள் நாளடைவில் கோணிப்போம். மண்வெட்டி பிடிக்கவும் கை உதவாது. ஆதலின், மதுவை விலக்குதலே உத்தமம். விலக்க இயலாதவர் வைத்தியரிடம் அதனை மறையாது கூறுதல் வேண்டும்.