சர்க்கரைக்காரர்கள் ஈறையும் கவனிக்க வேண்டும்

நமது டிரஸ்டுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் பெரும்பகுதி சர்க்கரை நோய்க்கானவை. மாத்திரை, இன்சுலின், கால் புண் என்றால் மறுபேச்சின்றித் தொகை ஒதுக்குகிறோம். பல் வைத்தியம் என்று எழுதி வந்தால் மட்டும், "அவசரமில்லை" என்று இத்தனை காலமும் ஓரமாக வைத்துவிட்டோம். அது எங்கள் தவறு.

சர்க்கரைக்கும் ஈறு நோய்க்கும் உள்ள தொடர்பு இருவழிப் பாதை. இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறைகிறது. பல்லின் அடியில் காரை படிந்த இடத்தில் ஈறு வீங்குகிறது. பல்லைத் தாங்கும் எலும்பு மெல்லக் கரைகிறது. கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றுக்கு வரும் கேடுகளின் வரிசையில் ஈறு நோயைச் சர்க்கரையின் ஆறாவது பின்விளைவு என்று 1993-லேயே ஹரால்டு லோ என்ற பல் மருத்துவ அறிஞர் எழுதினார்.

மறுபக்கம் அதிகம் பேருக்குத் தெரியாதது. ஈறுகளில் நாள்பட நிற்கும் அழற்சியிலிருந்து உண்டாகும் இரசாயனங்கள் இரத்தத்தில் கலந்து, இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும், சோற்றைக் குறைத்தும் சர்க்கரை இறங்கவில்லை என்று வருந்துபவர்களில் சிலருக்கு வாயும் ஒரு காரணம். ஈறுக்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.4 புள்ளி அளவுக்குக் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இது மாத்திரைக்கு மாற்று அல்ல; மாத்திரையோடு சேரும் உதவி.

சிக்கல் என்னவென்றால், ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. துலக்கும்போது இரத்தம், வாய் நாற்றம், பல் நீண்டு தெரிவது, பல் ஆடுவது ஆகியவையே அடையாளம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இரத்தக் கசிவுகூடக் குறைந்து, நோய் மறைந்தே இருக்கும்.

"சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்று நம் பெண்கள் பலர் அஞ்சுகிறார்கள். எலும்பு முன்பே கரைந்திருக்கும். காரையை எடுத்தபின்தான் அது தெரியவருகிறது. மிஸ்வாக் நல்லதுதான். ஆனால் கல்லாக இறுகிய காரையை மிஸ்வாக்கும் பிரஷும் அகற்றாது. அதைப் பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே, சர்க்கரை உள்ளவர்களின் பல் சுத்தம், ஈறு சிகிச்சை மனுக்களையும் இம்மாதம் முதல் ஏற்கிறோம். கடைசியாக எடுத்த ஹெச்பிஏ1சி சீட்டை மனுவுடன் இணைத்துத் தாருங்கள். முன்பு திருப்பி அனுப்பப்பட்டவர்களும் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.