இட்லி சரி, சாம்பார்?

விடிவதற்கு முன்பே தாராவியின் சந்துகளில் இட்லி ஆவி கிளம்பிவிடுகிறது. பெரிய அலுமினியப் பாத்திரங்களில் அடுக்கப்பட்ட இட்லிகள் தலையிலும் சைக்கிளிலும் ஏறி மும்பை முழுவதும் புறப்படுகின்றன. அரிசி, உளுந்து, உப்பு. அவ்வளவுதான். பாலும் இல்லை, கோதுமையும் இல்லை.

பால், நெய், தயிர் எதையும் தொடாத 'வீகன்' கொள்கைக்காரர்களுக்கும் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வெளியூர்ப் பயணம் என்றாலே சாப்பாட்டுக் கவலைதான். சப்பாத்தி, பனீர், வெண்ணெய் மூன்றையும் ஒதுக்கிவிட்டால் பல ஓட்டல்களில் மிஞ்சுவது கொஞ்சம்தான். மும்பையில் இவர்களுக்குக் கைகொடுப்பவை மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தென்னிந்திய உணவகங்கள். கிங்ஸ் சர்க்கிளில் உள்ள கஃபே மெட்ராஸ் 1940இல் தொடங்கியது. மாட்டுங்கா ரயில் நிலையம் அருகே வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பெயர்பெற்ற ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942இல் வந்தது. 'வீகன்' என்ற சொல்லே இங்கிலாந்தில் 1944இல்தான் பிறந்தது.

ஆனால் தோசைக்கல் முன்னால் நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. கோதுமை, பார்லி ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சீலியாக் நோயாளிகளின் சிறுகுடல் சுவரைச் சிதைக்கிறது. வீகனுக்கு ஒரு சொட்டு நெய் மன வருத்தம். சீலியாக் நோயாளிக்கு ஒரு சிட்டிகை கோதுமையே உடல் வருத்தம்.

அந்தச் சிட்டிகை ஒளிந்திருக்கும் இடம் பெருங்காயம். அசல் பெருங்காயப் பிசினின் நெடி கடுமையானது. அதனால் மாவும் கருவேலம் பிசினும் கலந்துதான் கடைக்கு வருகிறது. அந்த மாவு பெரும்பாலும் மைதா; சில தயாரிப்புகளில் அரிசி மாவு. எனவே இட்லி சரி, சாம்பாரும் ரசமும் விசாரணைக்குரியவை.

பெயர்களும் ஏமாற்றும். மும்பைக் கடைகளில் விற்கும் 'இட்லி ரவை' அரிசியை உடைத்தது, பயமில்லை. 'ரவா இட்லி' கோதுமை ரவை. ரவா தோசையில் ரவையோடு மைதாவும் உண்டு. அது வார்த்த கல்லிலேயே அடுத்த சாதா தோசையும் விழும். பூரி பொரித்த எண்ணெயில் உளுந்து வடை வேகலாம். கேழ்வரகு தோசை நல்ல தேர்வுதான் என்றாலும், மாவில் ரவை சேர்ப்பவர்கள் உண்டு. வீகன்களுக்கோ வேறு கண்ணிகள்: மைசூர் மசாலாவில் வெண்ணெய், பொங்கலில் நெய், சட்னியில் சில இடங்களில் தயிர்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணைய விதிப்படி, 'குளூட்டன் இல்லாதது' என்று போட ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வீகன் உணவுகளுக்கு 2022இல் தனி விதிமுறை வந்தது. ஆனால் முத்திரை பொட்டலத்துக்குத்தான். கொதிக்கிற சாம்பார் அண்டாவில் ஒட்ட முடியாது. அங்கே உதவுவது வாய்தான்.

"கோதுமை இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும். யாரும் பெருங்காயத்தைக் கோதுமையாக நினைப்பதில்லை. பெருங்காய டப்பாவைக் காட்டச் சொல்வதும், கல்லைத் துடைத்துவிட்டு எண்ணெயில் வார்க்கச் சொல்வதும் பலன் தரும். கூட்டம் முட்டும் ஞாயிறு காலையில் இதற்கெல்லாம் சர்வருக்கு நேரமிருக்காது. வார நாளில் பதினொரு மணிக்குப் போனால் சமையல்கட்டிலேயே விசாரித்து வருவார். மராத்தியும் கொஞ்சம் வேண்டும்: 'தூப்' என்றால் நெய், 'தூத்' என்றால் பால். வீகனுக்கு இரண்டும் ஆகாது என்பதால், காதில் மாறி விழுந்தாலும் மறுத்துவிடலாம்.

கடைசியில் ஃபில்டர் காபி. கோதுமை ஆகாதவருக்குத் தடையில்லை. வீகன்தான், டபராவில் வெறும் டிகாஷனோடு எழுந்திருக்க வேண்டியிருக்கும்.