துருவோடு உள்ளே புகும் ஹைட்ரஜன்

சான்பிரான்சிஸ்கோவையும் ஓக்லாந்தையும் இணைக்கும் விரிகுடாப் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதி 2013-இல் திறப்பு விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. நிலநடுக்கத்தில் பாலம் இடம்பெயராமல் பிடித்துக்கொள்ள, அதன் தூண் ஒன்றில் 96 எஃகுத் தண்டுகளைப் பதித்திருந்தார்கள். ஒவ்வொன்றும் 3 அங்குலக் கனம். துத்தநாகப் பூச்சு வேறு. மார்ச் மாதம் அவற்றை முறுக்கி இழுத்துக் கட்டிய சில நாட்களிலேயே 32 தண்டுகள் முறிந்தன. பாலத்தில் அதுவரை போக்குவரத்தே தொடங்கவில்லை.

துரு தின்று மெலிந்ததால் முறிந்தவை அல்ல அவை. 2008 முதலே தண்டுகள் செருகியிருந்த குழிகளில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஈரத்தில் அரிக்கப்படும் உலோகம் எலக்ட்ரான்களை விடுகிறது. அவை தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் அணுக்களை உண்டாக்குகின்றன. பெரும்பாலான அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து வாயுவாகிப் போய்விடும். சேர்வதற்கு முன்பே சில எஃகுக்குள் நுழைந்துவிடும். எஃகைக் காக்கப் பூசிய துத்தநாகமும், பூச்சு விட்டுப்போன இடங்களில் இந்த ஹைட்ரஜன் உருவாகத் துணைபோகிறது.

உள்ளே போன அணுக்கள் இழுவிசை அதிகமுள்ள இடத்தை, குறிப்பாகத் திருகுமரையின் பள்ளங்களை, நாடிச் சேரும். அங்கே எஃகு வளையும் குணத்தை இழந்து விரிசல் விடும். வீடு கட்டும் சாதாரணக் கம்பிக்கு இந்தத் தொல்லை குறைவு. எஃகின் வலிமையும் கடினமும் கூடக்கூடத்தான் ஆபத்தும் கூடுகிறது. வலிமையானதை வாங்கினால் கவலையில்லை என்ற எண்ணம் இங்கே செல்லாது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1875-லேயே வில்லியம் ஜான்சன் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதை எழுதிவிட்டார். அமிலத்தில் ஊறிய இரும்புக் கம்பி ஒடிந்துவிடுகிறது. ஒடிந்த முகத்தை நனைத்தால் நுரை கிளம்புகிறது. சில நாள் விட்டுவைத்தால் கம்பி பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று அவர் கண்டிருந்தார். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஒரு பெரும் பாலத்தின் தண்டுகளைத் தண்ணீரில் ஊறவிட்டது வருத்தத்துக்குரியது. முறிந்தவற்றின் வேலையைச் செய்ய வேறு எஃகுக் கட்டமைப்பைப் பொருத்தினார்கள்.

நம் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: தலையில் 12.9 என்று பொறித்த, வலிமை மிகுந்த போல்ட்டுகளை அமிலத்தில் கழுவி மின்பூச்சு பூசக் கொடுத்தால், பூசிய சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் சூடேற்றித் தரச் சொல்லுங்கள். பூச்சின்போது புகுந்த ஹைட்ரஜன் அதில் வெளியேறும். பின்னால் தேங்கும் தண்ணீருக்கு அந்தச் சூடு மருந்தாகாது; தண்ணீர் வடிய வழிவிட்டே ஆக வேண்டும்.