ஆகஸ்ட் 6: பெட்டிமுடி எழுப்பிய கேள்வி
புது தில்லி, ஆக. 6: கேரள மலைத் தோட்டங்களில் வாழும் தமிழர்களுக்கு ஆகஸ்ட் 6 மறக்க முடியாத நாள். 2020-ம் ஆண்டு இதே நாளில் இரவு 10.45 மணி அளவில், இடுக்கி மாவட்டம் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்கள் எனப்படும் தேயிலைத் தொழிலாளர் வரிசை வீடுகளை மண்ணும் பாறையும் மூடின. 70 பேர் பலியாயினர். நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. பலரின் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரம்.

அன்று ஒரே நாளில் அங்கு பெய்த மழை 600 மில்லி மீட்டருக்கும் அதிகம். சென்னையின் சராசரி ஆண்டு மழையில் இது 40 சதவீதத்துக்கும் மேல். மின்சாரமும் இல்லை, கைப்பேசித் தொடர்பும் இல்லை. பேரழிவுச் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது.

நாள்காட்டியைப் பார்த்து மலை சரிவதில்லை. ஆயினும் ஜூன், ஜூலை மழையில் மண் ஊறிக் கிடக்கும் இந்த வாரம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஆபத்தானது. 2018 ஆகஸ்ட் 9-ல் இடுக்கி அணையின் செறுதோணி மதகு 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டது. 2019 ஆகஸ்ட் 8-ல் கவளப்பாறையும் புத்துமலையும் புதையுண்டன.

பெட்டிமுடி துயரத்துக்கு மறுநாள் மாலை, கொட்டும் மழையில் கரிப்பூரில் தரையிறங்கிய விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து நொறுங்கியது. அதில் இறந்தோர் குடும்பங்களுக்குக் கேரள அரசு அறிவித்தது தலா ரூ. 10 லட்சம், பெட்டிமுடிக்கு ரூ. 5 லட்சம். ஆளுநரும் முதல்வரும் கரிப்பூருக்கு ஆகஸ்ட் 8-ம் தேதியே சென்றனர்; பெட்டிமுடிக்கு வந்தது 13-ம் தேதி. இது முதல்கட்ட உதவி மட்டுமே, மறுவாழ்வுப் பொறுப்பை அரசு ஏற்கும் என முதல்வர் பினராயி விஜயன் விளக்கினார். பிரதமர் நிவாரண நிதியில் இருந்து ரூ. 2 லட்சம் அறிவிக்கப்பட்டது. பேரிடர் மரணத்துக்கு மத்திய அரசின் விதிமுறைப்படி ரூ. 4 லட்சம், அதற்கு மேல் தருவது மாநிலத்தின் விருப்பம். அந்த விருப்பம் ஏன் பாதியாயிற்று என்பதற்கு ஏற்கத்தக்க விடை வரவில்லை.

வயநாட்டில் 2024 ஜூலை 30-ல் முண்டக்கை, சூரல்மலை அழிந்தபோது தில்லியில் வேறொரு சர்ச்சை எழுந்தது. ஒரு வாரம் முன்பே எச்சரித்தோம் என்றார் உள்துறை அமைச்சர் அமித் ஷா நாடாளுமன்றத்தில். சிவப்பு எச்சரிக்கை நிலச்சரிவுக்குப் பிறகே வந்தது என்றார் பினராயி. இருவரும் பேசியது மாவட்டம் முழுமைக்குமான எச்சரிக்கை பற்றியே. எந்தச் சரிவில் உள்ள எந்த வீட்டை எப்போது காலி செய்வது என்பதை அது சொல்லாது.

காலி செய்தால் எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. லயம் தொழிலாளிக்குச் சொந்தமல்ல. வேலை முடிந்தால் வீடும் போயிற்று. அதே மாவட்டத்தில் வண்டன்மேடு ஏலத்தோட்டங்களுக்குக் கம்பம், போடியில் இருந்து ஜீப்புகளில் ஏறி வேலைக்குச் செல்லும் தமிழர்களுக்கு அந்த லயமும் இல்லை. மழையில் மலைச்சாலையே அவர்களின் ஆபத்து. வண்டன்மேட்டின் புற்றடி ஏல மையத்தில் 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ ரூ. 7,000-ஐத் தொட்டது. முந்தைய ஆண்டு வெள்ளத்தில் விளைச்சல் குறைந்ததும் அதற்கு ஒரு காரணம்.

பெட்டிமுடியில் உயிர் பிழைத்தோரில் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியார் பள்ளத்தாக்கில் அரசு நிலம் தர, தோட்ட நிறுவனம் வீடு கட்டி 2021-ல் ஒப்படைத்தது.