அருகில் உள்ள ஹாம் ரேடியோ நண்பரைக் கண்டுபிடிப்பது எப்படி?

கொடைக்கானலில் இருந்து மன்னவனூர் போகும் வழியில் இருக்கிறது எங்கள் பூம்பாறை. பெருமழையில் மரம் சாய்ந்து ரோடு அடைபட்டு, கரண்டும் போய், மொபைல் டவரும் நின்றுவிட்டால் வெளியூருக்குச் சேதி சொல்ல வழியில்லை. அந்த நேரத்தில் கைகொடுப்பது ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் ரேடியோ. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற ஹாம், ரேடியோ மூலமாகவே செய்திகளை வெளியே அனுப்பினார்.

உடனே "எந்த செட் வாங்கலாம்?" என்று கேட்காதீர்கள். முதலில் ஓர் அனுபவமுள்ள ஹாமைத் தேடுங்கள் என்பேன். காரணம், எந்த அலைவரிசை எடுபடும் என்பது ஊருக்கு ஊர் மாறும். கோடை பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் மலைமேல் இருந்து ஒலிபரப்புவதால்தான் சமவெளியில் தூரம் வரை கேட்கிறது. ஹாம்கள் பயன்படுத்தும் 144-146 மெகாஹெர்ட்ஸ் அலைகளும் அப்படித்தான், நேர்கோட்டில் செல்பவை. மலை முகட்டில் இருப்பவருக்கு வசதி. எங்களைப் போல் பள்ளத்தில் இருப்பவர்களுக்குச் சுற்றியுள்ள மலை மறைக்கும். 7 மெகாஹெர்ட்ஸ் அலைகளோ மேலே சென்று அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்கும். இதற்கு 20 மீட்டர் நீள வயரே ஆன்டெனா ஆகிவிடும்.

கம்ப்யூட்டரில் கேளுங்கள்

வெப்எஸ்டிஆர், கிவிஎஸ்டிஆர் என்ற பெயர்களை ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். மற்றவர்கள் வைத்துள்ள ரிசீவர்களை உங்கள் பிரவுசரிலேயே இயக்கலாம். 7 மெகாஹெர்ட்ஸ் பகலில் சில நூறு கிலோமீட்டர்தான் எட்டும் என்பதால், நம் நாட்டில் அல்லது அருகில் உள்ள ரிசீவராகத் தேர்ந்தெடுக்கவும். அலைவரிசைக் கட்டத்தில் 7100 என்று கொடுத்து, எல்எஸ்பி என்பதை கிளிக் செய்யவும். பிறகு 7000 முதல் 7200 வரை மெதுவாக நகர்த்துங்கள். "விக்டர் யூனிபார்ம் டூ" அல்லது "த்ரீ" என்று தொடங்கும் கால்சைன் கேட்டால் அவர் இந்திய ஹாம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தொடர்பு கொள்ளுங்கள்

க்யூஆர்இசட் டாட் காம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து, அந்தக் கால்சைனைக் கொடுத்துத் தேடினால் அவருடைய ஊர் தெரியும். அவர் வெளியிட்டிருந்தால் இமெயிலும் கிடைக்கும். நான்கு வரி எழுதினால் போதும்: உங்கள் பெயர், ஊர், எந்த நாளில் எந்த அலைவரிசையில் அவரைக் கேட்டீர்கள், அவருடைய ஸ்டேஷனைப் பார்க்க வரலாமா என்ற கேள்வி. குரல் எவ்வளவு தெளிவாக இருந்தது என்றும் எழுதுங்கள். ஹாம்களுக்கு அது பயனுள்ள தகவல். அருகில் யாரும் கிடைக்கவில்லை என்றால் சென்னையில் உள்ள மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டியிடம் கேட்கலாம்.

லைசென்ஸ் அவசியம்

கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லைசென்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட் செய்வது குற்றம். இதற்கான தேர்வை மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்துகிறது. சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ரேடியோ தொழில்நுட்பம், விதிமுறைகள் என இரண்டு பகுதிகள் உண்டு. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை. கால்சைன் கிடைத்ததும் எக்கோலிங்க் சாஃப்ட்வேரில் பதிவு செய்து, இன்டர்நெட் வழியாகவும் மற்ற ஹாம்களுடன் பேசலாம்.

பாடத்தில் புரியாததைக் கேட்கவும், முதல் ஆன்டெனாவைக் கட்டவும் அந்த நண்பரே உதவுவார். செட் வாங்குவதை அவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.