நெஞ்சு நோவு வந்தால் எந்த வாசலுக்குப் போவது?

பதுளையில் யாருக்காவது நெஞ்சு நோவு என்றால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "நல்ல ஹார்ட் டொக்டர் யார்?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த நோவுக்கு எந்த வாசலுக்குப் போக வேண்டும்? மெடிக்கல் சென்டருக்கா, அரசாங்க ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்கா, அவசரப் பிரிவுக்கா? உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நான், இரண்டு வருடங்களாக எங்கள் உம்மும்மாவை இருதயக் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறேன். அங்கே கண்டதையும் கேட்டதையும் படித்ததோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அவசரம் என்றால்

இருதயம் உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பினாலும், தன் தசைக்கு வேண்டிய இரத்தத்தை முடியுரு நாடிகள் என்னும் சிறிய குழாய்கள் வழியாகவே பெறுகிறது. அவற்றில் கொழுப்புப் படிந்த இடத்தில் இரத்தம் கட்டியாகி அடைத்துக்கொண்டால், அதற்கு அப்பாலுள்ள தசை இறக்கத் தொடங்கும். இதுவே மாரடைப்பு. இறந்த தசை மீண்டும் வளராது. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது.

நடு நெஞ்சில் பாரம் வைத்தாற்போன்ற இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியன அடையாளங்கள். பெண்களுக்கும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் நோவு பெரிதாக இல்லாமல், களைப்பு, ஓங்காளம், முதுகு நோவு என்று மட்டும் வரலாம். "கேஸ்டிக்தான், இஞ்சித் தண்ணி குடித்தால் சரியாகிவிடும்" என்று நம் தாய்மார் பொறுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான் ஆபத்தாகிறது.

இந்த நிலையில் மெடிக்கல் சென்டரில் நம்பர் எடுத்துக் காத்திருக்கக் கூடாது. அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, நோவு தொடங்கி 12 மணித்தியாலங்களுக்குள் கொடுக்கப்படுவது. முதல் சில மணித்தியாலங்களில் கொடுத்தால் பலன் மிக அதிகம். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் சில வேளை மாரடைப்பு இருக்கலாம். அதனால்தான் திரும்பவும் ஈ.சி.ஜி. எடுத்து, இரத்தத்தையும் சோதித்துப் பார்க்கிறார்கள். நோயாளியை நடக்க விடவோ, அவரே வாகனம் ஓட்ட விடவோ கூடாது.

தோட்டத்திலிருந்து வருவோர்

பசறை, மடுல்சீமை, நமுனுகுல, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குத் தூரமும் ஒரு நோய்தான். மலையில் கொழுந்து பறிக்கும்போது மூச்சு வாங்கினால், இடையில் இறங்கி வந்தால் அரைப் பேராகிவிடும் என்று வேலை முடியும்வரை இருந்துவிடுகிறார்கள். தோட்ட டிஸ்பென்சரியில் முதலுதவி பெறலாம். ஆனால் அங்கேயே தங்கிவிடக் கூடாது.

1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்திய அரசின் நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்த இச்சேவை, பின்னர் ஊவா உட்பட நாடு முழுவதற்கும் வந்தது. அழைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் தோட்டங்கள் பலவற்றுக்குத் தமிழில் ஒரு பெயரும் பதிவில் வேறொரு பெயரும் உண்டு. பதிவுப் பெயர், டிவிசன், அருகிலுள்ள சந்தி ஆகியவற்றைச் சொல்லி, ஒருவரைப் பிரதான வீதியில் நிறுத்தி வையுங்கள். லயத்து வாசல்வரை அம்புலன்ஸ் வர முடியாத இடமென்றால், நோயாளியை எதில் வைத்துத் தூக்கி வருவது என்பதையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

மெடிக்கல் சென்டரால் ஆவது

அவசரமில்லாத வேளையில் மெடிக்கல் சென்டர் நல்ல உதவி. பல வைத்தியர்கள் ஒரே கட்டடத்தில் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். அங்கு சனல் பண்ணிக் காணும் விசேட வைத்தியர்களில் பலர், அரசாங்க ஆஸ்பத்திரியில் கடமை முடிந்து வருபவர்களே. படியேறினால் இளைப்பு, அடிக்கடி படபடப்பு, கட்டுக்குள் வராத பிரஷர், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு என்பவற்றுக்கு அங்கே ஆறுதலாகப் பேசிக் கேட்கலாம்.

போகுமுன் மூன்று விடயங்களை விசாரியுங்கள். வருபவர் இருதய நோய் விசேட நிபுணரா, பொது வைத்திய நிபுணரா? ஈ.சி.ஜி., எக்கோ இரண்டும் அங்கேயே எடுக்கலாமா? வைத்தியர் கட்டணம், நிலையக் கட்டணம், பரிசோதனைக் கட்டணம் எல்லாம் சேர்த்து எவ்வளவு? பழைய ஈ.சி.ஜி. தாள்களையும் குடிக்கும் குளிசைகளையும் கையோடு கொண்டு போங்கள்.

உம்மும்மாவையும் முதலில் சனல் பண்ணித்தான் காட்டினோம். மூன்றாம் தடவை அந்த வைத்தியரே, "இது ஆயுள் முழுவதும் குடிக்க வேண்டிய மருந்து. எத்தனை மாதத்துக்குக் காசு கொடுத்து வாங்குவீர்கள்?" என்று கேட்டு, ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கடிதம் எழுதித் தந்தார். அன்று முதல் மாதாந்தக் குளிசை இலவசம். எப்போதாவது ஒரு குளிசை இல்லையென்று துண்டு எழுதித் தந்தால் மட்டும் பார்மசியில் வாங்குகிறோம். மெடிக்கல் சென்டரில் காட்டுபவர்கள், "இதை அரசாங்கக் கிளினிக்கில் தொடரலாமா?" என்று தயங்காமல் கேட்கலாம்.

நாம் 'பெரியாஸ்பத்திரி' என்று சொல்லும் பதுளைப் போதனா வைத்தியசாலையிலிருந்து சிலரை அஞ்சியோகிராம், பைபாஸ் போன்றவற்றுக்காகக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்புவதுண்டு. சத்திரசிகிச்சைக்குச் செலவு வந்தால் ஜனாதிபதி நிதியத்தில் உதவி கோரலாம். விபரத்தைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

நம் வயதினருக்கும்

இருதய நோய் முதியோருக்கு மட்டும் உரியதல்ல. ஒருவகைப் பற்றீரியாவால் வரும் தொண்டை நோவைச் சரியாகக் கவனிக்காவிட்டால், சில பிள்ளைகளுக்கு வாதக் காய்ச்சல் வந்து இருதய வால்வுகள் பழுதடையும். ஒரே அறையில் பலர் நெருங்கி உறங்கும் லயங்களில் இக்கிருமி இலகுவில் பரவும். தொண்டை நோவுக்குப் பின் மூட்டுக்கள் மாறி மாறி வீங்கி நொந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இந்நோய் வந்தவர்களுக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டு வால்வைக் காப்பாற்றுகிறார்கள். அது பல வருடங்கள் தொடரும். சுகமாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்தக் கூடாது.

பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் 'இருதயத்தில் ஒரு சத்தம் கேட்கிறது' என்று எழுதித் தந்தால், பெண் பிள்ளைக்கு நாளை கலியாணம் பேச இடைஞ்சல் என்று அந்தத் துண்டை மறைக்காதீர்கள். தெரியாமலிருக்கும் வால்வு நோய் கர்ப்ப காலத்தில்தான் கடுமையாக வெளிப்படும். நம் நாட்டில் கர்ப்பிணித் தாய்மாரின் மரணத்துக்கான முக்கிய காரணங்களில் இருதய நோயும் ஒன்று. முன்பே தெரிந்தால் காப்பாற்ற வழியுண்டு.

35 வயது கடந்த பெற்றோருக்கு, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இயங்கும் சுகவாழ்வு நிலையங்களில் நிறை, பிரஷர், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கிறார்கள். நோன்புக்கு ஒரு மாதம் முன்னரே இருதய நோயாளியை வைத்தியரிடம் காட்டி, குளிசைகளை சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றலாமா, நோன்பு பிடிக்கலாமா என்று கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

இதை வாசிக்கும் தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு தாளில் 1990, அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் இலக்கம், வாகனம் வைத்திருக்கும் அயலவரின் இலக்கம், வீட்டு நோயாளி குடிக்கும் குளிசைகளின் பெயர்கள் ஆகியவற்றை எழுதி, குசினிச் சுவரில் இன்றே ஒட்டுங்கள். அல்லாஹ் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக.