உங்களுக்குத் தெரியுமா? சார்ஜ் ஏறாததற்கு ஒரு குட்டி பல்பும் காரணமாகலாம்!

1970களின் எம்.ஜி.பி. போன்ற பிரிட்டிஷ் கார்களில், டேஷ்போர்டின் சிவப்பு இக்னிஷன் விளக்கு எச்சரிக்கைக்கு மட்டுமானதல்ல. லூகாஸ் ஆல்டர்னேட்டரின் ரோட்டாருக்கு முதல் மின்னோட்டமே அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. அது கிடைத்தால்தான் காந்தப்புலம் ஒழுங்காக எழும்.

ஆகவே, சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையா? நல்ல ஆல்டர்னேட்டரை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். முதலில் பல்பை மாற்றுங்கள். சாதாரண எல்.இ.டி. வேண்டாம், அதில் போதிய மின்னோட்டம் பாயாது.

பிறகு மீட்டரை எடுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 14 வோல்ட் வர வேண்டும். 12.6-ஐத் தாண்டவே இல்லையென்றால் பெல்ட், எர்த் வயர், துருப்பிடித்த இணைப்புகளைத் தேடிப் பாருங்கள்.

இன்னும் பழைய டைனமோ கார்களுக்கு இந்த பல்பு தேவையில்லை. அவற்றின் இரும்பில் தங்கிய காந்தமே தொடங்கி வைத்துவிடும்.